மஞ்சுவுக்கு ஏன் ரீமெட்ச் இல்லை?

‘சார்பட்டா பரம்பரை’ வந்தது 2021 ஜூலையில், கொரோனாக் காலம். கட்டுகஸ்தோட்டையில் ஒரு நண்பன் வீட்டு அறையில் நாங்கள் ஆறு பேர், ஒரு லெப்டொப். கடைசியில் கபிலனும் வேம்புலியும் மறுபடி மோதி, கபிலன் ஜெயிச்ச நேரம் நாங்கள் போட்ட சத்தத்தில் நண்பனின் அம்மா வந்து கதவைத் தட்டினார். சத்தம் அடங்கின பிறகு எங்களில் இளையவள் கேட்டாள்: “நம்ம கண்டி ஆள் ஒருத்தர் டில்லியில தங்கம் எடுத்தாரே, பிறகு பறிச்சிட்டாங்களே… அவருக்கு ஏன் இப்படி ஒரு ரீமெட்ச் வரல?”

ஒருத்தருக்கும் பதில் தெரியவில்லை. “டோப்பிங் கேஸ் தானே, விடு” என்றான் ஒருவன். எங்களால் விட ஏலவில்லை. தேடத் தேட, இது ஒரு ஆளின் கதையாக மட்டும் தெரியவில்லை. யாருக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பதை யார் தீர்மானிக்கிறார்கள் என்ற கேள்வியாகவே தெரிந்தது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுவோம். இன்றைக்குப் பாடசாலையில் படிக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு இது ஞாபகம் இருக்க வாய்ப்பில்லை.

2010 ஒக்டோபர், புது டில்லி, பொதுநலவாய விளையாட்டு விழா. 56 கிலோ பேண்டம் எடைப் பிரிவின் இறுதிச் சண்டை. ஒரு பக்கம் மஞ்சு வன்னியாரச்சி, வயது 30, கண்டி வித்யார்த்தா கல்லூரியின் பழைய மாணவர். மறுபக்கம் வேல்ஸ் நாட்டின் ஷோன் மெக்கோல்ட்ரிக், வயது 18. நெருக்கமான சண்டை. புள்ளிகளில் மஞ்சு வென்றார். 1938இல் சிட்னியில் பார்னி ஹென்ரிகஸ் எடுத்த தங்கத்துக்குப் பிறகு, 72 வருஷம் கழித்து இந்த நாட்டுக்குக் குத்துச்சண்டையில் கிடைத்த தங்கம் அது.

கண்டிக்கு அதில் கூடுதல் பெருமை. இந்த ஊரில் பொக்சிங் என்பது ரக்பிக்கும் கிரிக்கெட்டுக்கும் பின்னால் நிற்கிற விளையாட்டுத்தான். ஆனால் வேர் ஆழமானது. டிரினிட்டி, சில்வெஸ்டர், வித்யார்த்தா என்று தலைமுறை தலைமுறையாகப் பொடியன்கள் கையுறை மாட்டிய ஊர் இது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட ஸ்டப்ஸ் கேடயத்தைப் பற்றி இன்றைக்கும் பழைய மாணவர்கள் பேசுவார்கள். அப்படியான ஊரில் படித்த ஒருவர் தேசிய கீதம் கேட்க மேடையில் நின்றால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பிறகு ஆய்வுகூடத்திலிருந்து செய்தி வந்தது. மஞ்சுவின் சிறுநீர் மாதிரியில் நண்ட்ரோலோன். தசையை வளர்க்கிற ஸ்டெரோயிட் வகை, எல்லா நேரமும் தடை செய்யப்பட்ட மருந்து. இரண்டாவது மாதிரியும் அதையே சொன்னது. மெடலைப் பறித்தார்கள். 2011இல் தங்கம் மெக்கோல்ட்ரிக்குக்குப் போனது.

ஆக, ஒரே சண்டைக்கு இரண்டு சம்பியன்கள். ஒருவர், நடுவர் கையைத் தூக்கிப் பிடித்தவர். மற்றவர், கடிதத்தில் பெயர் வந்தவர். இன்றைய பட்டியலில் மெக்கோல்ட்ரிக்கின் பெயர்தான் இருக்கிறது. இலங்கையின் ஒரே பொதுநலவாயக் குத்துச்சண்டைத் தங்கம் என்ற இடம் திரும்பவும் 1938க்கே போய்விட்டது.

இதில் மெக்கோல்ட்ரிக்குக்கும் நட்டம் என்பதை மறக்கக் கூடாது. டில்லி மேடையில் அவர் நிற்க வேண்டிய படி, அவருக்காக ஒலிக்க வேண்டிய கீதம், அந்த இரவு, எதையும் ஒரு வருஷம் கழித்து யாரும் திருப்பித் தர ஏலாது. 2014இல் கிளாஸ்கோவில் அதே எடையில் அவர் வெண்கலம் எடுத்தார். ஆனால் தன்னை வென்ற ஆளை வளையத்துக்குள் வைத்து வெல்லுகிற சந்தர்ப்பம் அவருக்கும் வரவில்லை. “நான்தான் சம்பியன்” என்று கைகளால் காட்ட இருவருக்கும் வழி இல்லாமல் போனது.

சரி, ஏன் வரவில்லை?

நேரடியான பதில் எளிது. அமெச்சூர் குத்துச்சண்டையில் ரீமெட்ச் என்றொரு ஏற்பாடே கிடையாது. தொழில்முறைச் சண்டையில் ஒப்பந்தம் இருக்கிறது, விளம்பரதாரர் இருக்கிறார், டீவி இருக்கிறது. “தோற்றால் இன்னொரு தடவை மோத வேண்டும்” என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். அமெச்சூரில் அப்படி இல்லை. குலுக்கலில் யார் பெயர் வருகிறதோ அவரோடு மோத வேண்டும். பொதுநலவாயப் போட்டி நாலு வருஷத்துக்கு ஒரு தடவைதான். திரும்பவும் இரண்டு பேரும் தெரிவாகி, ஒரே எடையில் நின்று, குலுக்கலும் ஒத்துழைத்தால்தான் மோதல். 30 வயதில் மெடல் பறிக்கப்பட்ட ஒருவருக்கு அந்தக் கணக்கு எப்படி முடியும் என்று விளங்கும்.

ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்தினால் பாதி உண்மைதான். மீதியை விளங்கிக்கொள்ள இன்னொரு நடக்காத ரீமெட்சைப் பார்க்க வேண்டும். அதிலும் இதே நண்ட்ரோலோன் வருகிறது.

2015 நவம்பரில் ஜெர்மனியின் டுசெல்டோர்ஃபில் டைசன் ஃபியூரி, பல வருஷம் அசைக்க முடியாமல் இருந்த விளாடிமிர் கிளிட்ஸ்கோவைத் தோற்கடித்து ஹெவிவெயிட் உலகச் சம்பியன் ஆனார். ஒப்பந்தப்படி ரீமெட்ச். 2016 ஜூலையில் மன்செஸ்டரில் என்று திகதி வைத்தார்கள். ஃபியூரிக்குக் கணுக்காலில் காயம், தள்ளிப்போட்டார்கள். ஒக்டோபருக்குத் திகதி வைத்தார்கள். அதுவும் நின்றது. ஃபியூரி மன அழுத்தத்தில் விழுந்திருந்தார். கொக்கெயின் சோதனையிலும் சிக்கியிருந்தார். பட்டங்களைத் தானே விட்டுக்கொடுத்தார். அந்த ரீமெட்ச் இன்றைக்கும் நடக்கவில்லை.

இதற்குப் பின்னால் இன்னொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. கிளிட்ஸ்கோவோடு மோதுவதற்கு முன்பே, 2015 பெப்ரவரியில் எடுத்த ஃபியூரியின் மாதிரியில் நண்ட்ரோலோன் தடயம். அவர் மறுத்தார். காட்டுப்பன்றி இறைச்சி சாப்பிட்டதால் வந்தது என்று விளக்கம் சொன்னார். வழக்கு நீண்டது. 2017 டிசம்பரில் பிரித்தானிய ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பும் அவரும் சமரசத்துக்கு வந்தார்கள். இரண்டு வருஷத் தடை, ஆனால் பின்திகதியிட்டு. அறிவிப்பு வந்த நேரமே தடை முடிந்துவிட்டது. பெப்ரவரி 2015 சண்டையின் முடிவு மட்டும் ரத்து. கிளிட்ஸ்கோவை வென்ற பெருமை அப்படியே இருந்தது. 2018இல் வளையத்துக்குத் திரும்பினார். 2020இல் மறுபடி உலகச் சம்பியன்.

ஃபியூரி திரும்பி வந்ததில் எங்களுக்குக் கோபம் இல்லை. மன நோயிலிருந்து எழுந்து வந்த ஒருவரைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றும் கிடையாது. இரண்டு வழக்கின் விவரங்களும் ஒன்றல்ல என்பதும் தெரியும். எங்கட கேள்வி வேறு. ஒரே பெயருள்ள மருந்து. ஒருவருக்கு அது சமரசம் பேசி முடித்த வழக்கு. மற்றவருக்கு அது வாழ்க்கையின் கடைசிச் செய்தி. இந்த இடைவெளியை நிரப்பியது எது? ஒரு பக்கம் உலகமே பார்க்கிற சந்தை இருந்தது, சட்டத்தரணிகள் இருந்தார்கள், அவர் திரும்பி வந்தால் இலாபம் பார்க்கக் காத்திருந்தவர்கள் இருந்தார்கள். மஞ்சு திரும்பி வந்தால் யாருக்கு இலாபம்?

“அது இங்கிலாந்து, அங்கே காசு இருக்கு” என்று சொல்லலாம். சரி, எங்கட நாட்டையே எடுப்போம்.

2011 உலகக் கிண்ண அரையிறுதிக்குப் பிறகு உபுல் தரங்கவின் மாதிரியில் பிரெட்னிசொலோன் வகை மருந்தின் தடயம் வந்தது. தோள் வலிக்கு எடுத்த ஒரு மூலிகை மருந்திலிருந்து வந்தது என்று விளக்கினார். ஐசிசி மூன்று மாதத் தடை கொடுத்தது. அதே வருஷம் திரும்பவும் அணிக்குள் வந்தார். 2017இல் ஒருநாள் அணிக்குத் தலைவராகவும் இருந்தார். அவர் வேண்டுமென்று ஏமாற்றவில்லை என்று ஏற்றுக்கொண்டார்கள். நல்லது. மருந்தும் வேறு வகை, தண்டனையும் அதற்கேற்ற மாதிரி.

குசல் பெரேராவின் கதை இன்னும் கிட்ட வருகிறது. 2015இல் அவருடைய மாதிரியில் கட்டார் ஆய்வுகூடம் கண்டதாகச் சொன்னது 19-நொர்அண்ட்ரோஸ்டீன்டயோன். பெயர் வாயில் நுழையாது. நண்ட்ரோலோனின் நெருங்கிய சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்துச் சுற்றுலாவிலிருந்து திருப்பி அனுப்பினார்கள். 2016 டி20 உலகக் கிண்ணமும் போனது. ஆனால் இலங்கைக் கிரிக்கெட் நிறுவனம் அவரைக் கைவிடவில்லை. வெளிநாட்டுச் சட்டத்தரணிகள், விஞ்ஞானிகள் என்று ஆள் பிடித்து, செலவழித்து, ஆய்வுகூடத்தின் முடிவையே கேள்வி கேட்டது. 2016 மே மாதம் ஆய்வுகூடத்தின் கண்டுபிடிப்பு நிற்காது என்றாகி, ஐசிசி குற்றச்சாட்டை வாபஸ் வாங்கியது. குசல் குற்றமற்றவராக வெளியே வந்தார்.

இதை ஒரு நிமிஷம் நின்று யோசியுங்கள். விஞ்ஞானம் பிழைக்காது, ஆய்வுகூடம் சொன்னால் முடிந்தது என்றுதான் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். அந்த ஆய்வுகூடம் பிழை விட்டது. பிழை என்று நிரூபிக்கக் காசும் ஆளும் வேண்டியிருந்தது. குசலுக்குப் பின்னால் இந்த நாட்டின் பணக்கார விளையாட்டு நிறுவனம் நின்றது. ஒளிபரப்பு உரிமையில் கோடிக்கணக்கில் வருகிற நிறுவனம். குத்துச்சண்டைக்கு அப்படி ஒரு பண மரம் கிடையாது. இதே கட்டார் முடிவு கபடி ஆடுகிற பொடியன் ஒருவனுக்கு வந்திருந்தால், அவன் பெயரைத் துடைக்க யார் விமானம் ஏறியிருப்பார்கள்?

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்கிறோம். மஞ்சு குற்றமற்றவர் என்று நாங்கள் வாதாடவில்லை. இரண்டு மாதிரியும் ஒன்றையே சொன்னது. மெடல் திரும்பவும் கண்டிக்கு வர வேண்டும் என்றும் கேட்கவில்லை. ஊக்கமருந்து ஒரு ஏமாற்று. குத்துச்சண்டையில் அது ஏமாற்று மட்டுமல்ல, ஆபத்தும் கூட. கிரிக்கெட்டில் மருந்தடித்தவன் பந்தைத்தான் தூரம் அடிப்பான். வளையத்தில் அவன் அடிப்பது இன்னொருவனின் தலையை. அன்றைக்கு எதிரில் நின்றது 18 வயதுப் பிள்ளை. சட்டம் கடுமையாக இருப்பது சரிதான்.

“அப்ப சட்டம் சட்டம்தானே, இன்னும் என்ன கதை?” என்று கேட்பவர்களுக்கு: ஊக்கமருந்துச் சட்டத்தின் அடிப்படை, உடம்பில் என்ன இருந்தாலும் அதற்கு வீரரே பொறுப்பு என்பது. தெரிந்து எடுத்தாரா, தெரியாமல் எடுத்தாரா, யார் கொடுத்தது என்பதெல்லாம் பிறகு, தண்டனையைக் குறைக்கிற இடத்தில் வருகிற கேள்விகள். அதை நிரூபிக்கும் வேலையும் வீரருடையதே. சட்டம் எல்லாருக்கும் ஒன்றாகத்தான் எழுதியிருக்கிறது. ஆனால் நிரூபிக்கிற செலவு எல்லாருக்கும் ஒன்றில்லை. சமமான சட்டம், சமமில்லாத கைகள். ஒருவருக்குப் பின்னால் சபை, மற்றவருக்குப் பின்னால் வீட்டார் மட்டும்.

ரவுண்டுக்கும் ரவுண்டுக்கும் நடுவில் ஒரு நிமிஷம் இருக்கிறதே, அந்த நேரம் குத்துச்சண்டை வீரர் தன் மூலைக்குப் போய் ஸ்டூலில் உட்காருவார். அங்கே ஒருவர் தண்ணீர் கொடுப்பார், ஒருவர் வெட்டுக் காயத்தில் மருந்து பூசுவார், ஒருவர் காதுக்குள் “இடது கையைத் தாழ்த்தாதே” என்பார். அந்த மூலை இல்லாமல் எவ்வளவு பெரிய சம்பியனும் அடுத்த ரவுண்டுக்கு எழும்ப ஏலாது. கபிலனுக்கு மறுமோதல் கிடைத்ததும் அவனைத் தூக்கி நிறுத்தப் பரம்பரையே நின்றதால்தான். வளையத்துக்கு வெளியே விழுந்த நேரம் எங்கட வீரர்களின் மூலையில் யார் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

இன்னொரு கேள்வியும் வரும் என்று தெரியும். “அவர் சிங்கள ஆள், சிங்களப் பாடசாலை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் என்ன?” எங்களிடமே ஒருவர் கேட்டார். இரண்டு பதில் இருக்கிறது. ஒன்று, அவர் எங்கட ஊர். அவர் ஓடின வாவிக்கரையில்தான் நாங்களும் நடக்கிறோம். இரண்டாவது, மூலை இல்லாதவன் கதை எங்களுக்கு இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. கண்டியில் தமிழ் மொழிமூலம் படித்த எங்கள் ஆறு பேரில் ஒருவருக்கும் பாடசாலையில் ஒரு குத்துச்சண்டை வளையத்தைத் தொடக் கிடைக்கவில்லை. தோட்டத்திலிருந்து பஸ் பிடித்து வருகிற பிள்ளைக்கு இருட்டுகிறதற்கு முதல் வீடு போக வேண்டும், பயிற்சி எங்கே? பெரிய பாடசாலையின் பழைய மாணவருக்கே இந்தக் கதி என்றால், வரிசையில் அவருக்கும் பின்னால் நிற்கிற எங்களைப் பற்றி என்ன சொல்ல.

அந்தக் கேள்வியைக் கேட்ட எங்கள் இளையவள் இப்போது உண்மையாகவே கையுறை மாட்டுகிறாள். நகரத்தில் ஒரு ஜிம்மில் பின்னேரம் பயிற்சி. போன வருஷம் ஒரு சின்னப் போட்டிக்கு மூன்று நாளுக்கு முன்னால் அவளுக்கு வீசிங். அம்மா டொக்டரிடம் கூட்டிப் போனார். எழுதிக் கொடுத்த துண்டில் பிரெட்னிசொலோன். ஆமாம், தரங்கவின் வழக்கில் வந்த அதே வகை. எங்கட வீடுகளில் வீசிங் வந்தால் எல்லாரும் விழுங்குகிற மாத்திரை. போட்டிக் காலத்தில் அதை விழுங்கினால் விளையாட்டுச் சட்டப்படி குற்றம். மருத்துவத் தேவைக்கு முன்கூட்டியே விண்ணப்பித்து விலக்குப் பெறுகிற வழி இருக்கிறது. அது ஜிம்மில் ஒருவருக்கும் தெரியாது. டொக்டர் கேட்கவில்லை, நாங்கள் சொல்லவில்லை. சுவரில் ஒட்டியிருந்த எச்சரிக்கைத் தாள் முழுக்க ஆங்கிலம். மூக்கடைப்புக்கு விழுங்குகிற சில மாத்திரைகளில் இருக்கிற சூடோஎஃபெட்ரினும் போட்டி நாளில் ஓர் அளவைத் தாண்டினால் பிரச்சினை என்பதை அன்றைக்குத்தான் நாங்களே படித்தோம். புரோட்டீன் டப்பாவுக்குள் உண்மையில் என்ன கலந்திருக்கிறது என்பதை விற்கிறவருக்கும் தெரியாது. அவள் அந்தப் போட்டியில் இறங்கவில்லை. உடம்புதான் முக்கியம், மாத்திரையை எடு என்றோம்.

அது சின்னப் போட்டி. அதனால் தப்பினோம். தேசிய மட்டமாக இருந்திருந்தால்?

2010இல் இருந்ததை விட இன்றைக்கு நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். 2013இன் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இலங்கை ஊக்கமருந்துத் தடுப்பு முகவரகம் வந்தது. ஆனால் பிடிக்கிற கை நீள்கிற வேகத்தில், முன்கூட்டியே எச்சரிக்கிற கையும் விழுந்தவனைத் தூக்குகிற கையும் நீள வேண்டும். சோதனைக் குழாயோடு மட்டும் ஜிம் வாசலுக்கு வந்தால் போதாது.

ஆகவே எங்கட கோரிக்கை பெரிய கனவு இல்லை. மத்திய மாகாணத்தில் குத்துச்சண்டை நடக்கிற ஒவ்வொரு பாடசாலைக்கும் ஜிம்முக்கும், தடை செய்த மருந்துகள் பற்றிய தாள் தமிழிலும் சிங்களத்திலும் வர வேண்டும். கண்டி வைத்தியசாலையில் மாதத்துக்கு ஒரு நாளாவது விளையாட்டு வீரர்கள் தங்கட மருந்துத் துண்டைக் காட்டிக் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும். தேசிய அணிக்குப் போகிற எந்த வீரருக்கும், அது கிரிக்கெட்டாக இருந்தாலும் கரம் போர்டாக இருந்தாலும், வழக்கு வந்தால் சட்ட உதவிக்கு விளையாட்டு அமைச்சிடம் பொது நிதி ஒன்று இருக்க வேண்டும். குற்றவாளி என்று தீர்ந்தாலும், தடைக்காலம் முடிந்தவர் என்ன செய்கிறார் என்று ஒருவராவது போய்ப் பார்க்க வேண்டும். ஏமாற்றினவனைத் தண்டியுங்கள், அதற்காக ஆளையே துடைத்துவிடாதீர்கள்.

மஞ்சுவும் மெக்கோல்ட்ரிக்கும் இனி மோதப் போவதில்லை. ஒருவருக்கு இப்போது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது, மற்றவர் டில்லியில் இருந்த அந்தப் பிள்ளை இல்லை. அந்தச் சண்டையில் உண்மையான சம்பியன் யார் என்று இனி எந்த வளையமும் சொல்லாது. அந்தக் கணக்கை யாரும் திருப்பித் திறக்கவும் ஏலாது.

ஆனால் வருகிற சனிக்கிழமை இளையவளுக்கு மறுபடி ஒரு போட்டி இருக்கிறது. இந்தத் தடவை மருந்துப் பட்டியலை நாங்களே தமிழில் எழுதி, ஜிம் சுவரில் அந்த ஆங்கிலத் தாளுக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறோம். கையெழுத்து நல்லா இல்லை, ஆனால் வாசிக்கலாம். உங்கட ஜிம்மிலும் ஒன்று ஒட்டுங்கள்.